நிறுத்த ஒருவர் போதும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

மலேசியாவின் புக்கிட் பெலண்டோக்கிலிருந்து தாய்லாந்தின் காஞ்சனபுரி வரை எட்டுப் பேர் சைக்கிளில் போகப் போவதாக எழுதியிருக்கிறாய். 1942, 1943 ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர் ரயிலேற்றிச் சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், பான் போங்கில் இறக்கினார்கள். பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டருக்கு அவர்களையும் போர்க் கைதிகளையும் தண்டவாளம் போட வைத்தார்கள். நம் பாட்டிமார் சயாம் மரண ரயில் என்று சொல்வது அதைத்தான். அந்தப் பாதையில் உள்ள காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கற்கள் நிற்கின்றன. தோட்டத்திலிருந்து போனவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் ஒன்றுகூட இல்லை. அந்த மண்ணுக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் தங்கள் கால் பலத்தில் போய்ச் சேர நினைப்பதை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் நீ அனுப்பிய திட்டத்தில் சைக்கிள், கூடாரம், வரைபடம், செலவு எல்லாம் இருக்க, எட்டுப் பேருக்கும் இடையே என்ன பேச்சு என்பது மட்டும் இல்லை. பயணத்தை யார் எப்போது நிறுத்தலாம், விலக நினைப்பவர் எப்படி விலகலாம் என்பதை முதலில் எழுதுங்கள். பாதையை அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

இதற்கு நல்ல சான்று நூறாண்டுக்கு முந்தைய ஒரு பயணம். 1923 அக்டோபர் 15 அன்று பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். உடற்பயிற்சிக் கழகத்தில் ஒன்றாகப் பழகியவர்கள், உடல் வலுவுக்குக் குறைவில்லாதவர்கள். 1928 மார்ச் 18 அன்று ஏறத்தாழ 71,000 கிலோமீட்டரை முடித்துப் பம்பாய் திரும்பியவர்கள் அடி ஹக்கீம், ஜல் பாபசோலா, ருஸ்தம் பும்கரா ஆகிய மூவர் மட்டுமே. ஒருவர் தெகரானிலேயே விடைபெற்றார். அமெரிக்கா சென்றடைந்த பிறகு இன்னும் இருவர் பிரிந்தார்கள். பாதிப் பேர் விலகியதால் அந்தப் பயணத்தைத் தோல்வி என்று யாரும் சொல்வதில்லை. விலகியவர்கள் தடையில்லாமல் விலகவும் மற்றவர்கள் தொடர்ந்து போகவும் முடிந்ததால்தான் அது நிறைவேறியது. அத்தனை பயிற்சி பெற்றவர்களிலேயே ஆறு மூன்றாகியது என்றால், கல்லூரி விடுப்பில் கிளம்பும் எட்டுப் பேரும் எட்டாகவே போய்ச் சேருவார்கள் என்ற எண்ணத்தின் மேல் திட்டம் போடக்கூடாது. பிரிவு வரும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். வராமல் போனால் மகிழ்ச்சிதான்.

நீங்கள் போகும் வழியிலேயே இன்னொரு சைக்கிள் கூட்டத்தின் வரலாறும் கிடக்கிறது. 1941 டிசம்பர் 8 அன்று சிங்கோராவில் (இன்றைய சொங்க்லா) இறங்கிய ஜப்பானியப் படை, சடாவ், சங்லூன் வழியாக மலாயாவின் ஜித்ராவுக்குள் நுழைந்தது. படையினரில் பலர் சைக்கிளில் வந்தார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்துவிட்டது. அந்த வேகத்துக்குப் பின்னால் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு: மலாயாவில் ஊருக்கு ஊர் சைக்கிள் இருந்தது, பறித்துக்கொள்ள முடிந்தது, உதிரிப் பாகமும் கிடைத்தது. பழுது பார்க்கவென்றே படைப்பிரிவுகளில் ஆட்கள் இருந்தார்கள். இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, வழியில் வரும் பட்டலுங்கிலோ சும்போனிலோ சிறு கடையில் டியூப்பும் டயரும் ஸ்போக்கும் கிடைக்கிற சைக்கிளாகப் பார்த்து வாங்குவது. எட்டும் ஒரே அளவுச் சக்கரமாக இருந்தால் சுமக்கும் உதிரிப் பாகம் பாதியாகும். ஆனால் ராணுவத்தில் நிற்காதே என்றால் நிற்க முடியாது. நண்பர்களுக்குள் அப்படிக் கட்டளையிட யாருக்கும் உரிமை இல்லை. அதனால்தான் ஒப்பந்தம் வேண்டும் என்கிறேன்.

அந்த ஒப்பந்தத்தின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: நிறுத்த ஒருவர் போதும், தொடர எல்லோரும் வேண்டும். ஒருவருக்குத் தலை சுற்றுகிறது, ஒருவருக்கு இருட்டுகிறதே என்று பயம் வருகிறது என்றால் அன்றைய ஓட்டம் அங்கே முடிந்தது, விளக்கம் கேட்கக்கூடாது. “அப்படியென்றால் சோம்பேறி ஒருவன் எட்டுப் பேரையும் கட்டிப்போடுவானே” என்று கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். நிறுத்தும் உரிமை அந்த ஒரு நாளுக்கு மட்டுமே. மறுநாளும் போக மனமில்லாதவர் ரயிலேறலாம். தாய்லாந்துப் பகுதியில் பட்டலுங், துங் சோங், சூராட் தானி, சும்போன், பெட்ச்சபுரி என்று உங்கள் பாதையை ஒட்டியே ரயில் பாதை வருகிறது. சரக்குப் பெட்டி இணைத்த ரயில்களில் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வாங்கி ஏற்றிவிடலாம். ஹாட்யாயிலிருந்து பாடாங் பெசாருக்கும் ரயில் உண்டு. திரும்பும் செலவை ஒவ்வொருவரும் தனியே, பொதுப் பணத்தில் சேர்க்காமல் வைத்திருக்க வேண்டும். பொதுப்பையிலிருந்து கேட்டு வாங்க வேண்டிய நிலை வந்தால் ஒருவர் வெட்கத்தால் நோயை மறைப்பார், அப்போது ஆபத்து எட்டுப் பேருக்கும்தான். நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு என்பார்கள். களைத்துப்போன மாலையில், பசியோடு, மொழி தெரியாத ஊரில் நட்பு தடுமாறத்தான் செய்யும். முன்பே எழுதியது கையில் இருந்தால் அந்த நேரத்தில் யாரும் யாரையும் பழிக்க வேண்டியிருக்காது. இதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஒன்று: விருப்பம் கேட்காமல் இழுத்துச் செல்லப்பட்டவர்களின் நினைவைத் தேடிப் போகிறீர்கள். அந்தப் பயணத்தில் ஒருவரையும் விருப்பம் கேட்காமல் இழுத்துப் போகக்கூடாது.

இனி நாள் கணக்கு. தூரம் சுமார் 1,500 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 100 என்று எழுதி 15 நாளில் முடித்திருக்கிறாய். அது உங்களில் வேகமானவரின் கணக்கு. மெதுவாக மிதிப்பவர் சுமையோடு மணிக்கு 15 கிலோமீட்டர் போவார் என்று வைத்துக்கொள். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரை நான்கு மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம்: 70 கிலோமீட்டர் வரும். அப்படிப் போட்டால் மிதிக்க 22 நாள், ஓய்வுக்கு 3, பழுதுக்கும் மழைக்கும் இன்னும் 3, ஆக 28 நாள். விடுப்பு அவ்வளவு இல்லையென்றால் நாளைச் சுருக்காதே, தூரத்தைச் சுருக்கு. சும்போன் வரை மிதித்துவிட்டு மீதியை ரயிலில் போனாலும் காஞ்சனபுரி காஞ்சனபுரிதான். நாளைச் சுருக்கினால் இரவில் ஓட்ட நேரும். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் விடியுமுன் சாலையில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த எட்டுப் பதின்ம வயதுப் பிள்ளைகள் கார் மோதி இறந்ததை நாடே பார்த்தது. இருட்டில் ஓட்டுவதில்லை என்பதற்கு விதிவிலக்கே வேண்டாம். எல்லை தாண்டினால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அங்கே ஆறரை மணிவாக்கில் விடிந்துவிடும். மாலையும் அதற்கேற்ப முன்னதாக இருட்டும்.

பாதை எளிது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. லுக்குட், சிப்பாங், பந்திங், கிள்ளான் என்று போகும் ஐந்தாம் எண் கூட்டரசு சாலையில் கோல சிலாங்கூர், சபாக் பெர்ணாம் கடந்து சித்தியவான் வரை போய், பெருவாஸ் வழியாகத் தைப்பிங் அருகே முதலாம் எண் சாலையைப் பிடித்தால் அது அலோர் ஸ்டார், புக்கிட் காயு ஹீத்தாம் வரை கொண்டுவிடும். இந்தச் சாலைகளில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் அதிகம். எட்டுப் பேரும் ஒரே வரிசையாகப் போனால் முந்தும் லோரிக்கு இடையில் ஒதுங்க இடமிருக்காது. நான்கு நான்காகப் பிரிந்து, இடையில் நல்ல இடைவெளி விட்டுப் போங்கள். எல்லை தாண்டி ஹாட்யாய் போனதும் அங்கிருந்து வடக்கே திரும்புங்கள். கலவரம் ஓயாத பட்டானி, யாலா, நாராத்திவாட் பக்கமும் சொங்க்லாவின் தென்கிழக்கு மாவட்டங்கள் பக்கமும் போகாதீர்கள். அங்கே காப்புறுதி செல்லுமா என்பதே சந்தேகம்.

காலத்தைத்தான் நீ தவறாகப் பிடித்திருக்கிறாய். ஆண்டிறுதி விடுப்பு வசதியாகத் தெரியும். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தென் தாய்லாந்தின் வளைகுடாக் கரையில் பெருமழை. 2010 நவம்பரிலும் 2025 நவம்பரிலும் ஹாட்யாய் நீரில் மூழ்கியது. வடகிழக்குக் காற்றும் வலப்பக்கமாக எதிர்த்து அடிக்கும். ஏப்ரலில் வெயில் கொடுமை. சொங்க்ரான் புத்தாண்டு நாட்களில் அந்நாட்டுச் சாலை விபத்துகள் உச்சத்துக்குப் போகும். பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்குப் பொருத்திப் பார். கடப்பிதழ் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகும்படி இருக்கட்டும். தாய்லாந்து வருகைப் படிவத்தை இப்போது இணையத்திலேயே நிரப்ப வேண்டும். குடிநுழைவு விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் கிளம்பும் வாரத்தில் தூதரகத் தளத்தை மறுபடி பார்த்துவிடுங்கள்.

பெண்பிள்ளையை இவ்வளவு தூரம் அனுப்புவதா என்று உன் அம்மா கேட்பதைத் தடையாக எடுத்துக்கொள்ளாதே. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோதும் ஊர் இதையேதான் கேட்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஒன்றாகச் சாலையில் வந்ததுதான் பதிலாக அமைந்தது. அம்மா கேட்பது பாதுகாப்பு. எந்த ஊரில் எந்த இரவு, யார் எத்தனை மணிக்கு அழைப்பார், அழைப்பு வராவிட்டால் எவ்வளவு நேரம் கழித்து யாரைத் தொடர்புகொள்வது என்று ஒரு தாளில் எழுதி எட்டு வீட்டுக்கும் கொடுங்கள். எழுத முடியாவிட்டால் திட்டம் இன்னும் பழுக்கவில்லை என்று பொருள்.

டிக்கெட்டும் கூடாரமும் வாங்குமுன் முழுச் சுமையோடு மலாக்கா வரை போய்த் திரும்புங்கள். மூன்று நாள், ஏறத்தாழ 200 கிலோமீட்டர்; தினம் 70 என்ற கணக்கு நிற்குமா என்பது அதில் தெரிந்துவிடும். நிறுத்தும் விதியை அங்கேயே ஒருமுறையாவது வேண்டுமென்றே பயன்படுத்திப் பாருங்கள். திரும்பி வந்து ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, மற்றவர் கேட்காத இடத்தில், வருகிறாயா என்று கேள். ஐந்து பேர் வருகிறோம் என்றால் ஐந்து பேருக்குத் திட்டத்தை மாற்றி எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா