சைட்டேஷன் ஏறினால் மதிப்பு ஏறுமா?

பதவி உயர்வுக் கோப்பு தயாராகும் மாதங்களில் பெரம்பலூர், அரியலூர் வட்டாரக் கல்லூரிகளின் ஆசிரியர் அறைகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "சார், உங்க சைட்டேஷன் எவ்வளவு?" கல்வியியல் ஆய்வாளர்களும் இதற்கு விலக்கல்ல. கூகுள் ஸ்காலரில் மொத்த சைட்டேஷன் (மேற்கோள் எண்ணிக்கை), ஹெச்-இண்டெக்ஸ், ஐ10-இண்டெக்ஸ் என்று மூன்று எண்கள். அவற்றைச் சுற்றிப் பல நம்பிக்கைகள்.

நம்பிக்கை: நிறையப் பேர் மேற்கோள் காட்டினால் அது சரியான ஆய்வு.

இதற்குப் பதில் அரியலூர் மண்ணிலேயே இருக்கிறது. கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளைப் பற்றி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1987-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். புருஹத்காயோசாரஸ் என்று பெயரும் வைத்தார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர். ஊன் தின்னும் டைனோசர் என்பது அவர்கள் முடிவு. பின்னால் வந்தவர்கள் அதை மாற்றி, தழை தின்னும் நீள்கழுத்து வகையில் சேர்த்தார்கள். இன்னும் சிலருக்கு அது எலும்புதானா, கல்லாகிப்போன மரமா என்றே சந்தேகம். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரத்தைப் பார்த்தவர்கள் இந்தச் சந்தேகத்தைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இதற்கிடையில் எலும்புகள் உதிர்ந்தே போய்விட்டன. ஒப்பிட்டுப் பார்க்க மூலப்பொருள் இல்லை. 2022-ல் அய்யாசாமி இன்னோர் ஆய்வாளரோடு சேர்ந்து பழைய புகைப்படங்களை வெளியிட்டார்.

ஆக, அந்தக் கட்டுரையை ஒருவர் வியந்து குறிப்பிடுவார், ஒருவர் திருத்துவார், ஒருவர் நம்ப மறுப்பார். கணக்கிடும் இயந்திரத்துக்கு மூன்றும் ஒன்றே: கூட்டல் ஒன்று. போதாக்குறைக்கு, கட்டுரையின் ஆண்டைச் சிலர் 1987 என்றும் சிலர் 1989 என்றும் எழுதுகிறார்கள். இப்படி இரண்டு விதமாகக் குறிக்கப்படும் கட்டுரை தரவுத்தளத்தில் இரண்டு பதிவுகளாகப் பிரிந்துவிடவும் கூடும். அந்த இருவரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. திருத்தப்படுவதற்குக்கூட முதலில் யாராவது எழுதியிருக்க வேண்டும்.

கல்வியியலிலும் இதே கதைதான். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மாணவர்களைப் பிரிக்கும் 'கற்றல் பாணி'க் கருத்து உலகெங்கும் ஏராளமாக மேற்கோள் காட்டப்படுகிறது. பாணிக்கேற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-லேயே பாஷ்லரும் அவருடைய சகாக்களும் விரிவாக ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். கருத்து இன்னும் ஓய்ந்தபாடில்லை.

நம்பிக்கை: ஹெச்-இண்டெக்ஸ் எல்லோருக்கும் பொதுவான அளவுகோல்.

ஹெச் 10 என்றால், குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரைகள் பத்து இருக்கின்றன என்று பொருள். இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் 2005-ல் சொன்ன கணக்கு. துறைக்குத் துறை இது வேறுபடும் என்பதையும் அவரே காட்டியிருந்தார். அந்தப் பகுதியை நம் நேர்காணல் குழுக்கள் வசதியாக மறந்துவிடுகின்றன. ஒரே ஆளுக்கு ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் ஓர் எண், கூகுள் ஸ்காலரில் அதைவிடப் பெரிய எண். ஸ்காலர் ஆய்வேடு, கருத்தரங்கத் தொகுப்பு என்று கிடைத்ததையெல்லாம் சேர்க்கும். அது எவ்வளவு எளிதில் ஏமாறும் என்பதை 2010-ல் பிரான்சின் சிரில் லாபே காட்டினார். ஐக் அன்ட்கேர் என்ற, பிறக்கவே பிறக்காத ஆளின் பெயரில் நூற்றுச் சொச்சம் போலிக் கட்டுரைகளைக் கணினியால் எழுதவைத்து, ஒன்றையொன்று மேற்கோள் காட்டச் செய்தார். அந்த இல்லாத மனிதரின் ஹெச்-இண்டெக்ஸ் 94!

நம்பிக்கை: சைட்டேஷன்தான் தாக்கம்.

பள்ளி நேரத்துக்குப் பின் தன்னார்வலர்கள் பாடம் சொல்லித்தரும், 2021-ல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். கொரோனாவால் ஏற்பட்ட கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் ஈடானது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் கண்டார்கள். 2022-ல் பணித்தாளாக வெளிவந்தபோதே இது பேசப்பட்டது. பொருளாதாரத்தில் இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு வாசகர் உலகெங்கும் உண்டு. குன்னத்திலோ ஜெயங்கொண்டத்திலோ மூன்றாம் வகுப்புப் பிள்ளை கழித்தலில் எங்கே தடுமாறுகிறது என்று தமிழில் ஆய்வேடு எழுதுபவருக்கு அந்த வாசகர் இல்லை. ஆய்வேடு சோத்கங்கா என்னும் இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறும். ஸ்கோபஸ் கணக்கில் ஏறாது. அதை ஓர் ஆசிரியர் படித்துத் தன் வகுப்பில் கற்பிக்கும் முறையை மாற்றிக்கொண்டால், எந்தத் தரவுத்தளத்துக்கும் தெரியாது.

நம்பிக்கை: ஐ.எஸ்.எஸ்.என். இருந்தால் தரமான இதழ்.

கிடையாது. அது தொடர் வெளியீட்டுக்கான அடையாள எண், அவ்வளவுதான். "மூன்றே நாளில் பிரசுரம், உயர்ந்த இம்பாக்ட் ஃபாக்டர்" என்று வாட்ஸ்அப்பில் கூவும் இதழும் அதை வாங்கிவிடலாம். இப்படிப்பட்ட இதழ்களை வடிகட்ட, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) கேர் இதழ்ப் பட்டியல் 2019-ல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, இதழின் தரத்தைக் கல்வி நிறுவனங்களே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த குழுக்கள், இனி பேப்பரைப் பிரித்துப் படித்தாக வேண்டும்.