மண்ணுக்கேற்ற வேர்ச்செடி

பெங்களூரின் காக்ஸ் டவுன் சந்தையில் பருவக் காலத்தில் இருவகைத் திராட்சைகள் அருகருகே விற்பனைக்கு வருகின்றன. ஒன்று, பெங்களூர் ஊரகம், சிக்கபள்ளாப்பூர் மாவட்டங்களின் செம்மண்ணில் விளையும், கருநீல நிறமும் தடித்த தோலும் உடைய ‘பெங்களூர் புளூ’. மற்றொன்று, மகாராட்டிரத்தின் நாசிக், சாங்லி மாவட்டங்களிலிருந்து வரும் விதையில்லாப் பச்சைத் திராட்சை. விலையிலும் சுவையிலும் உள்ள வேறுபாட்டை வாங்குவோர் அறிவர். வேரிலும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னது பெரும்பாலும் தன் வேரிலேயே நிற்பது. தண்டுக் குச்சியை நட்டு வளர்த்தது. பின்னது பெரும்பாலும் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக் காட்டுக்கொடி ஒன்றின் வேர்மீது ஒட்டுக் கட்டப்பட்டது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் மண்ணும் நீரும் ஆகும்.

ஒட்டுக் கட்டிய பழமரம் என்பது உண்மையில் இரண்டு செடிகளாகும். மேலே உள்ள ஒட்டுக் குச்சி கனியின் இனத்தையும் சுவையையும் தருகிறது. கீழே உள்ள வேர்ச்செடியோ நீரையும் சத்துகளையும் உறிஞ்சுகிறது. உப்பைத் தடுக்கிறது அல்லது அனுமதிக்கிறது. மரத்தின் வீரியத்தையும் பெரிதும் நிர்ணயிக்கிறது. எனினும், நான் பார்த்த தோட்டக்கலைத் திட்ட அறிக்கைகளில் இரகத்தின் பெயரும், ஏக்கருக்கு எத்தனை கன்றுகள் என்பதும் தவறாமல் இடம்பெற்றிருக்க, வேர்ச்செடியின் பெயரைக் காண்பது அரிதாகவே இருந்தது.

பொருளாதார நோக்கில் இது சிறிய குறையன்று. தவறான உரமிட்டால் அடுத்த பருவத்தில் திருத்திக்கொள்ளலாம். தவறான வேர்ச்செடியைத் திருத்த வேண்டுமாயின் தோட்டத்தையே அகற்ற நேரிடும். அத்தவறும் உடனே வெளிப்படுவதில்லை. கன்றுகள் செழிப்பாகத் துளிர்த்து, வேர்கள் அடிமண்ணை எட்டிய பிறகே, அதாவது வங்கிக் கடனின் தவணைகள் தொடங்கும் வேளையிலேயே, இலைகள் வெளிறவும் நுனிகள் கருகவும் தொடங்குகின்றன.

இப்பாடத்தைப் பிரான்சு நாடு கடும் விலை கொடுத்துக் கற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபைலாக்சிரா என்னும் வேர்ப்பூச்சி அந்நாட்டுத் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடிகளின் வேர்மீது ஒட்டுக் கட்டுவது தீர்வாக ஏற்கப்பட்டது. ஆனால் கோன்யாக் போன்ற சுண்ணாம்பு மண் பகுதிகளில் அக்கொடிகள் மஞ்சளித்தன. பூச்சியைத் தாங்கிய வேர் மண்ணைத் தாங்கவில்லை. இவ்வகை மண்ணில் இரும்பு இருந்தாலும் அது கரையாத நிலையில் கிடக்கும். மண்ணிலுள்ள பைகார்பனேட்டும் அதனை வேர் பெறவிடாது. 1887-இல் பியேர் வயாலா என்ற அறிஞர் அமெரிக்கா சென்று, டெக்சாசின் டெனிசன் நகரில் வாழ்ந்த மன்சன் என்ற தோட்டக்கலை வல்லுநரின் துணையோடு, சுண்ணாம்புக் குன்றுகளில் இயல்பாக வளரும் பெர்லாண்டியரி இனக் கொடியைக் கண்டறிந்தார். அவர் பூச்சியை மட்டும் கருதித் தேடவில்லை. கோன்யாக்கின் மண்ணை ஒத்த மண்ணில் வளரும் கொடியைத் தேடினார் என்பது கருதத்தக்கது. அக்கொடியின் குச்சிகள் எளிதில் வேர்விடாதவை. ஆகவே பிற இனங்களோடு கலப்பினம் செய்தே அது பயன்பாட்டிற்கு வந்தது.

அதே டெக்சாசிலிருந்து மன்சன் தெரிவு செய்த மற்றொரு கொடியே ‘டாக்ரிட்ஜ்’. நம் நாட்டில் இதனை நாடியதற்குக் காரணம் ஃபைலாக்சிரா அன்று. உவர்நீரும் வறட்சியும் ஆகும். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் இயங்கும், 1967-இல் நிறுவப்பட்ட இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இதன் ஆய்வில் முக்கியப் பங்கு ஆற்றியது. திராட்சைக்கு மண் உப்பின் தாங்கும் எல்லை மீட்டருக்கு 1.5 டெசிசீமன் மின்கடத்துதிறன் என்றும், அதற்குமேல் ஏறும் ஒவ்வோர் அலகிற்கும் விளைச்சல் ஏறத்தாழ 10 விழுக்காடு குறையும் என்றும் உணவு வேளாண்மை நிறுவனத்தின் பட்டியல் கூறுகிறது. ஆழ்துளைக் கிணறுகளை நம்பிய மகாராட்டிரப் பயிரிடுவோர்க்கு இக்கணக்கு வாழ்வா சாவா என்பதாயிற்று. அவர்கள் டாக்ரிட்ஜுக்கு மாறினர். முதலில் வேர்ச்செடியைத் தோட்டத்தில் நட்டு, அவ்வாண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அங்கேயே ஒட்டுக் கட்டுவது அங்குள்ள வழக்கம். இதனால் சில மாதங்கள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருப்பதைத் திட்ட மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும்.

ஆயினும் டாக்ரிட்ஜ் சஞ்சீவி அன்று. நெடுநாள் உவர்நீர் பாய்ந்த தோட்டங்களில் அதன்மேல் ஒட்டிய கொடிகளின் இலைகளில் சோடியம் சேர்வதும் பொட்டாசியம் குறைவதும் கண்டறியப்பட்டன. 1997-இல் புனேயில் தொடங்கப்பட்ட தேசிய திராட்சை ஆராய்ச்சி மையத்தின் ஆய்வுகளில், பெர்லாண்டியரிக் கலப்பினமான ‘110 ஆர்’ இவ்வகையில் மேலானதாகத் தெரிந்தது. வளமான நிலத்தில் டாக்ரிட்ஜின் மிகுந்த வீரியமே கேடாகி, இலை தழைத்துக் காய்ப்புக் குறைவதும் உண்டு. பெங்களூர் புளூ பயிரிடுவோர், நல்ல வடிகாலுள்ள செம்மண்ணில் தன்வேர்க் கொடிகளையே வைத்திருப்பதை அறியாமை என்று அதிகாரிகள் எண்ணிவிடலாகாது. உப்பில்லாத இடத்தில் உப்புக்கான காப்பீட்டுக்குக் கட்டணம் செலுத்துவானேன்?

ஒரே வேர்ச்செடியை நாடெங்கும் பரப்புவதிலும் இடர் உண்டு. பிரேசிலில் கசப்பு ஆரஞ்சு வேர்மீது நின்ற மரங்களை டிரிஸ்டெசா வைரஸ் நோய் அழித்தபின், ரங்கபூர் எலுமிச்சை வேர்ச்செடி பரவியது. 1999-ஐ ஒட்டி அதன்மீது ஒட்டிய மரங்களையும் புதிய நோயொன்று தாக்கியது. அதே ரங்கபூர் எலுமிச்சையே நாகபுரிப் பகுதியின் கரிசலில், வேரழுகலுக்கு எளிதில் இரையாகும் ஜம்பேரியைவிட ஏற்றதெனப் பரிந்துரைக்கப்படுகிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

மாவின் நிலை வேறு. நம் நாற்றுப் பண்ணைகளில் கையில் கிடைத்த கொட்டைகளை முளைக்கவைத்து ஒட்டுக் கட்டுவதே பொது வழக்கம். ஒருகருக் கொட்டையின் நாற்றுகள் ஒன்றுபோல் இரா. மேற்குக் கடற்கரையின் ஓலூர், குருக்கன், பப்பக்காய் போன்ற பல்கரு இனங்களின் நாற்றுகள் பெரும்பாலும் தாயைப்போலவே அமையும். இசுரேலில் சுண்ணாம்பும் உவரும் உள்ள நிலங்களுக்கென ‘13-1’ என்ற பல்கரு வேர்ச்செடி தெரிவு செய்யப்பட்டது. சப்போட்டாவுக்கு நம் வறண்ட காடுகளின் உலக்கைப்பாலையே சிறந்த வேர்ச்செடி. ஆனால் அதன் நாற்று மெல்ல வளர்வதால் பண்ணையாளர்க்குச் செலவு கூடுகிறது. ஆகவே கன்றுகளும் எளிதில் கிடைப்பதில்லை.

இனி மண் ஆய்வு. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டை கார அமில நிலை, மின்கடத்துதிறன் உள்ளிட்ட 12 கூறுகளைத் தெரிவிக்கிறது. ஆனால் அதற்கான மாதிரி மேல்மண்ணிலிருந்து எடுக்கப்படுவது. மண்ணிலுள்ள சுண்ணாம்பின் அளவு அப்பன்னிரண்டில் இல்லை. நெல்லுக்குப் போதுமான அட்டை மாமரத்துக்குப் போதாது. பழத்தோட்டத்திற்கு 30 செ.மீ. அடுக்குகளாக ஒரு மீட்டருக்கும் கீழ்வரை மாதிரி எடுத்து, ஒவ்வோர் அடுக்கிலும் சுண்ணாம்பையும் உப்பையும் சோடியத்தையும் அளக்க வேண்டும். பாசன நீரையும் கோடையில், உப்பு மிகும் வேளையில், ஆய்வுக்கு அனுப்புதல் நலம். இளம் இலைகள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தோன்றினால், அதைத் தழைச்சத்துக் குறைவென்று கருதி யூரியா பரிந்துரைக்கும் தவறு களத்தில் நிகழ்கிறது. தழைச்சத்துக் குறைவு முதிர்ந்த இலைகளிலேயே முதலில் தோன்றும்.

மானியத்திற்கான கன்றுப் பட்டியலைச் சரிபார்க்கும் அலுவலர், விற்பனைச் சீட்டில் இரகம், வேர்ச்செடி ஆகிய இரு பெயர்களும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது பெயர் இல்லாத சீட்டைத் திருப்பி அனுப்பினால், அடுத்த முறை பண்ணையாளர் அதனை எழுதியே தருவார்.