சுனாமிக்குக் காரணம் அணுகுண்டா?

கேள்வி: 2004 சுனாமி இயற்கையாக வந்ததல்ல, கடலுக்கடியில் ஏதோ ஒரு நாடு அணுகுண்டு வெடித்ததால் வந்தது என்று என் மாமனார் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
– ஒரு வாசகி, காரைக்கால்

பதில்: இல்லை. குண்டு கண் இமைப்பதற்குள் வெடித்து அடங்கிவிடும். டிசம்பர் 26 அன்று காலை ஆறரை மணிவாக்கில் சுமத்ரா அருகே பிளக்கத் தொடங்கிய கடலடிப் பாறையோ, அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் பிளந்துகொண்டே போனது. அதற்கு எட்டு நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. உலகெங்கும் உள்ள நிலநடுக்கமானிகளில் இது பதிவாகியிருக்கிறது. எந்த அரசும் நினைத்தால் அத்தனையையும் அழித்துவிட முடியாது.

கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சியும் உண்டு. கிரேட் நிக்கோபாரின் தென்கோடியில், இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் இறங்கியதால் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்துகொண்டது. வட அந்தமானின் மேற்குக் கரையிலோ பவளப்பாறைகள் நீருக்கு மேலே எழும்பிக் காய்ந்து செத்தன. ஓரிடத்தில் நிலத்தை உயர்த்தி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறக்குவது நிலத்தட்டு நழுவலின் வேலை. குண்டால் ஆகாது.

மாமனாரிடம் வாதாடாதீர்கள். "எந்த ஆதாரத்தைக் காட்டினால் மனதை மாற்றிக்கொள்வீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால், அது வெறும் நம்பிக்கை. அவர் கோபப்பட நியாயமான காரணம் வேறு இருக்கிறது. நிலம் நடுங்கி அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும், எச்சரிக்க ஏற்பாடு இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007-இல்தான்.