மலைக்காற்றில் விமானப் பயிற்சி

அன்புள்ள இளமாறனுக்கு,

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைகளுக்கு நடுவே லெட்வில் என்ற சிற்றூர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 9,900 அடிக்கும் மேலே அமைந்த அதன் விமான நிலையம்தான் வட அமெரிக்காவிலேயே உயரமானது. செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானங்களில் மலைப்பயிற்சி பெறுவோர் அங்கே வந்து இறங்குவது வழக்கம். சமவெளியில் சொன்னபடி கேட்ட விமானம் அங்கே தடுமாறுகிறது.

காரணம், காற்றின் அடர்த்தி. உயரம் கூடினாலும் வெப்பம் கூடினாலும் காற்று மெலிகிறது. 10,000 அடியில் இயல்பான வெப்பநிலை மைனஸ் 5 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் உயரத்தோடு சுமார் 120 அடியைக் கூட்டிக்கொள்வது விமானிகளின் கணக்கு. கோடைப் பகலில் 20 டிகிரி அடித்தால், ஓடுபாதையில் நிற்கும்போதே விமானத்துக்கு அது 13,000 அடி! செஸ்னா 172-இன் உச்ச வரம்பே 13,000 முதல் 14,000 அடிதான். எஞ்சினின் வலு குறைந்திருக்க, பயிற்றுநர், மாணவர், நிறைந்த எரிபொருள் ஆகிய சுமையும் சேர்ந்தால் மேலெழுவதே பெரும்பாடு. அதிகாலையில், குறைந்த எரிபொருளோடு கிளம்புவதே தக்கது.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது குறுகிய பள்ளத்தாக்கு. அதன் தரை, விமானம் ஏறுவதைவிட வேகமாக உயர்ந்துகொண்டே போகும். எதிரே பாறை தெரிந்ததும் மாணவரின் கை தானாகவே விமானத்தின் மூக்கை உயர்த்துகிறது. வேகம் விழுகிறது; இறக்கை தூக்குவிசையை இழக்கிறது. திரும்பலாம் என்றாலோ, அந்த மெல்லிய காற்றில் வேகமானி காட்டுவதைவிட விமானம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் போவதால், திரும்பும் வட்டம் கடல் மட்டத்தில் உள்ளதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்த்துத் திருப்பினால், இறக்கை செயலிழக்கும் வேகமும் 1.4 மடங்காகிவிடும். சமவெளியில் மாணவரின் பிழையைச் சற்றுப் பொறுத்துப் பார்த்துத் திருத்தும் பயிற்றுநருக்கு இங்கே அந்த அவகாசம் கிடையாது. ஆகவே பள்ளத்தாக்கின் நடுவில் பறக்காமல் ஓர் ஓரமாகப் பறக்க வேண்டும். அப்போதுதான் திரும்புவதற்கு முழு அகலமும் கிடைக்கும். எந்த இடத்தோடு திரும்புவது என்பதைத் தரையிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

அடுத்தது காற்றின் ஓட்டம். ஓடைநீர் பாறையைத் தாண்டி விழுவதைப் போல, காற்று முகட்டைத் தாண்டியதும் மறுபக்கச் சரிவில் கீழே பாய்கிறது. சிறு விமானம் அந்த உயரத்தில் நிமிடத்துக்குச் சில நூறு அடியே ஏறும். கீழிறங்கும் காற்றோ ஆயிரம் அடிக்கு மேலும் இழுக்கக்கூடும். முகட்டில் காற்று 25 நாட் வேகத்தைத் தாண்டினால் அன்றைய பயிற்சியைக் கைவிடுவதே நல்லது. முகட்டை 45 டிகிரி சாய்வாக அணுகினால், சிறு திருப்பத்திலேயே விலகிவிடலாம். வில்லை வடிவ மேகங்கள் அசையாமல் நின்றால், அங்கே மலையைத் தாண்டிய காற்று அலையலையாக எழுந்து விழும் மலையலை இருக்கிறது.

இன்னொன்று, அந்த உயரத்தில் ஆக்சிஜன் குறைவு மூளையை ஓசையின்றி மந்தமாக்கும். 12,500 அடிக்கு மேல் 30 நிமிடத்தைத் தாண்டினால், விமானி ஆக்சிஜன் எடுத்தாக வேண்டும் என்பது அமெரிக்க விதி.

அன்புடன்,
சித்தப்பா