லிங்க்கைத் தொடும் முன்... ஒரு நிமிஷம்!

"இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே இந்த எண்ணை அழைக்கவும்."

எங்கள் பெரியம்மாவின் செல்போனுக்கு ஒரு மாலையில் வந்த குறுஞ்செய்தி இது. பில் கட்டியாச்சு என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பெரியப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். கரண்ட் போனால் என்ன செய்வது என்ற பதற்றம். அழைத்துவிட்டார். "ஒரு ஆப் அனுப்புறேன்மா, அதுல பத்து ரூபாய் கட்டுங்க, சரியாயிடும்" என்றது எதிர்முனை. அந்த நேரம் பார்த்து வந்த பக்கத்து வீட்டுத் தம்பி, "அத்தை, கட்டின ரசீது இருக்குல்ல? அப்புறம் எதுக்கு ஆப்?" என்று கேட்டதால் பென்ஷன் பணம் தப்பித்தது.

பெரியம்மா ஏமாளி இல்லை. பயமும் அவசரமும் சேர்ந்தால் யாராக இருந்தாலும் தடுமாறுவோம். மோசடிக்காரர்கள் நம்பியிருப்பது அதைத்தான். நாம் அடிக்கடி சந்திக்கும் ஆபத்துகளைப் பார்ப்போமா?

தூண்டில் மோசடி (பிஷ்ஷிங்): வங்கி, அரசு அலுவலகம், கூரியர் என்று யார் பெயரிலாவது லிங்க் வரும். தொட்டால், அசல் போலவே இருக்கும் போலி இணையதளம் திறக்கும். ஆப் நிறுவச் சொன்னால் இன்னும் ஆபத்து. திரையைப் பகிரும் ஆப் என்றால், உங்களுக்கு வரும் ஓடிபி அவர்களுக்கும் தெரியும். ஒன்றை மறக்காதீங்க: பணம் அனுப்பத்தான் யுபிஐ பின் தேவை, பணம் பெறுவதற்கு அது தேவையே இல்லை.

பிணைத்தொகை மென்பொருள் (ரான்சம்வேர்): நம் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும். 2017 மே மாதம் 'வானாக்ரை' இப்படித்தான் சுமார் 150 நாடுகளில் பரவியது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான சிகிச்சை முன்பதிவுகள் ரத்தாயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். அப்டேட்டைத் தள்ளிப்போடாதீங்க. முக்கியக் கோப்புகளுக்குத் தனி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் வைத்து, வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வையுங்கள்.

பொதுக் கணினி: பிரவுசிங் சென்டரில் ஆதாரை டவுன்லோட் செய்து பிரிண்ட் எடுத்ததும் கிளம்பிவிடுகிறோம். கோப்பு அங்கேயே கிடக்கிறது. அதன் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான், ஊகிப்பது சுலபம். டவுன்லோட்ஸ், ரீசைக்கிள் பின் இரண்டிலும் அழித்து, லாக் அவுட் செய்த பிறகே எழுந்திருங்கள். கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மறைக்கப்பட்ட ஆதார்' போதுமான இடத்தில் அதையே கொடுங்கள்.

ஒரே கடவுச்சொல்: எல்லாக் கணக்குக்கும் ஒரே சாவி என்றால், ஒன்று திருடு போனாலே எல்லாக் கதவும் திறந்துவிடும். மின்னஞ்சலுக்கும் வங்கிக்குமாவது தனித்தனியாக வையுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் ஆன் செய்துவிடுங்கள்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீங்க. உடனே 1930 எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம். பரிவர்த்தனை எண், நேரம், ஸ்கிரீன்ஷாட் ஆகியவை கையில் இருக்கட்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம்.

இப்போது பெரியம்மா வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: '1930'. உங்கள் வீட்டிலும் ஒன்று ஒட்டலாமே!