நிலம் போன்றவரும் மடற்பனை போன்றவரும்

இலக்கணம் பயில்வோர் கையில் எடுக்கும் நன்னூலுக்கும் கோலாருக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. பவணந்தி முனிவரிடம் அந்நூலை வேண்டிப் பெற்ற சீயகங்கன் கங்கர் குலத்தவன். அக்குலத்தாரின் தொன்மையான தலைநகரமே குவளாலபுரம், அதாவது இன்றைய கோலார்.

நல்லாசிரியரை நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றோடு ஒப்பிடும் அந்நூல், ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு உவமைகளைக் கூறுகிறது. அவற்றுள் மடற்பனை நம் சிந்தனைக்குரியது. கருக்கு மட்டைகள் சூழ்ந்த அம்மரத்தில் எவரும் ஏற இயலாது. தானாக விழும் பழமே கிடைக்கும். அச்சத்தால் ஆளும் ஆசிரியரிடம் மாணவன் பெறுவதும் அவ்வளவே. (நீர் வார்த்தவனை விட்டு அயலானுக்குக் காய் தரும் முடத்தெங்கும் அப்பட்டியலில் உண்டு. வகுப்பில் சொல்லாததைத் தனிப்பயிற்சியில் சொல்வோர் அதனை எண்ணிப் பார்க்கலாம்.)

கர்ட் லெவினும் அவருடைய துணைவர்களும் அமெரிக்காவின் ஐயோவாவில் சிறுவர் குழுக்களை ஆராய்ந்து 1939-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆணையிட்டு நடத்தியவரின் குழு, அவர் அறையில் இருந்தவரை மும்முரமாக வேலை செய்தது. அவர் வெளியேறியதும் தளர்ந்தது. கலந்து பேசி நடத்தியவரின் குழு, அவர் இல்லாதபோதும் பெரும்பாலும் தளராது தொடர்ந்தது. ஏனோதானோ என்று விடப்பட்ட குழுவில் வேலையே குறைவு. அவை பொழுதுபோக்குக் குழுக்களே, பள்ளி வகுப்புகள் அல்ல என்பது உண்மைதான். ஆயினும் தேர்வுக்கூடமும் ஆசிரியர் அருகில் இல்லாத இடமன்றோ?

ராபர்ட்சன்பேட்டையில் இக்கேள்வி இன்னும் கூர்மை பெறுகிறது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் உரிகம், மாரிக்குப்பம் நிலையங்களில் அதிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் பலராயினர். அவர்கள் திரும்பும்போது இரவாகிவிடுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மாலையில் ஐயம் தோன்றினால் வீட்டில் கேட்க ஆளில்லை. வீட்டில் பேசுவது தமிழ். பாடநூலோ கன்னடத்திலும் ஆங்கிலத்திலும். ஆக, வகுப்பில் கேட்காமல் விட்ட ஐயம் தேர்வுவரை தீராமலே நிற்கும்.

"அடித்தாவது படிக்க வையுங்கள்" என்று பெற்றோரே வேண்டுவதுண்டு. அவர்தம் கவலை நமக்குப் புரிகிறது. எனினும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையைத் தடை செய்துள்ளது. அடி ஐயத்தைத் தீர்ப்பதுமில்லை. கண்டிப்பே கூடாது என்பதன்று நம் கருத்து. வீட்டுப்பாடம் நாள்தோறும் வரவேண்டும், நேரம் தவறலாகாது என்பதில் ஆசிரியர் மலைபோல் அசையாது நிற்கட்டும். பிழை செய்தவனிடத்தில் மட்டும் நிலமாகட்டும்.

இயற்கணிதத்தில் தோற்கும் மாணவனுக்குப் பெரும்பாலும் தடுமாற்றம் பின்னத்தில் இருக்கும். ஆறாம் வகுப்பில் புரியாத அதனைப் பத்தாம் வகுப்பில் ஒப்புக்கொள்ள அவன் நாணுகிறான். "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பவரிடம் அவன் வாய் திறப்பதில்லை. "எந்த வரியில் நின்றுவிட்டாய்?" என்று கேட்பவரிடம் விரலை வைத்துக் காட்டுகிறான். பிறகு அவனையே கரும்பலகைக்கு அழைத்து, முதலில் தமிழில் சொல்லச் செய்து, அதே படிகளைப் பயிற்றுமொழியில் எழுதவைக்கப் பத்து நிமிடம் போதும்.