சட்டகம் யார் கையில்?

அன்புள்ள தம்பிக்கு,

வீராணம் ஏரியைப் பற்றிப் பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் போவதாகவும், தகவல் ஒரு நோட்டு நிறையச் சேர்ந்துவிட்டதாகவும், ஆனால் பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை என்றும் எழுதியிருந்தாய். தமிழ்த் தேர்வில் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் வாங்குகிறவனுக்கு இது ஏன் வரவேண்டும் என்று கேட்டிருக்கிறாய். மதிப்பெண் வாங்கியதுதான் காரணமோ என்று தோன்றுகிறது.

பத்தாம் வகுப்பு வினாத்தாளில் கட்டுரை வினா எப்படி வரும்? குறிப்புகளைக் கொண்டு கட்டுரை எழுதுக என்பார்கள். கீழே முன்னுரை, நான்கைந்து உள்தலைப்புகள், முடிவுரை என்று வரிசையாகக் கொடுத்திருப்பார்கள். எது முதலில், எது பிறகு, எதை விடுவது என்பதை எல்லாம் வினாத்தாள் தயாரித்தவரே முடிவு செய்துவிட்டார். கோலத்துக்குப் புள்ளிகளை ஒருவர் வைத்துக் கொடுக்க, மாணவர் இழையை மட்டும் இழுக்கிறார். பத்தாண்டு இழை இழுத்துப் பழகிய கை, வெறும் தரையைப் பார்த்ததும் திகைக்கத்தான் செய்யும். திருத்துபவருக்கு அந்த ஏற்பாடு வசதி. எழுதக் கற்றுக்கொள்கிறவருக்கோ பாதி வேலையை ஒளித்து வைக்கிற ஏற்பாடு அது.

இதற்கு நேர்மாறாக ஒரு வகுப்பு நடந்திருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ஜான் மெக்ஃபீ பிரின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, அவருடைய ஆங்கில ஆசிரியை ஆலிவ் மெக்கீ பெரும்பாலான வாரங்களில் மூன்று கட்டுரைகள் எழுதச் சொல்வார். ஒவ்வொன்றோடும் அதன் அமைப்பைக் காட்டும் ஒரு தாளைச் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். அந்தத் தாளைத்தான் முதலில் தயாரிக்க வேண்டும். ரோமன் எண் போட்ட பட்டியலாக இருக்கலாம், அம்புக்குறியும் குச்சி மனிதர்களுமாகக் கிறுக்கிய படமாகவும் இருக்கலாம். வடிவம் எதுவானாலும் சரி, அதை மாணவரே யோசித்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பிறகு கட்டுரையை வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் மற்றவர்கள் கூச்சலிடலாம், காகிதத்தைக் கசக்கி எறியலாம். நம் வகுப்புகளில் இந்தக் கடைசிப் பகுதிக்கு அனுமதி கிடைக்காது!

அவ்வளவு பயிற்சி பெற்றவரும் திணறியிருக்கிறார். 1966-இல் நியூஜெர்சியின் பைன் பேரன்ஸ் என்ற காட்டுப் பகுதியைப் பற்றி எழுத மெக்ஃபீ பல மாத உழைப்பில் குவியல் குவியலாகத் தகவல் சேர்த்தார். காட்டுத்தீ, நிலத்தடி நீர், பழைய ஊர்கள், அங்கே வாழும் மனிதர்கள் என்று எல்லாம் இருந்தன. எதை எதன் பக்கத்தில் வைப்பது என்பது மட்டும் பிடிபடவில்லை. இரண்டு வாரம் வீட்டுக் கொல்லைப்புறத்து மேசைமேல் மல்லாந்து படுத்து மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கடைசியில் வழி காட்டியவர் ஃபிரெட் பிரவுன் என்ற உள்ளூர் முதியவர். அவரோடு காட்டைச் சுற்றிவந்த பயணங்களில் ஏறக்குறைய எல்லா விஷயங்களும் தொட்டுப் போயிருந்தன. முதியவரோடு கொஞ்சதூரம் போவது, பக்கத்துக் கிளை ஒன்றில் திரும்புவது, மறுபடி அவரிடமே வருவது என்று அமைத்ததும் கட்டுரை நகர்ந்தது. தகவலைக் கோத்துச் செல்ல ஓர் ஆள் கிடைத்தார், அவ்வளவுதான்.

இன்னும் பெரிய உதாரணம் டார்வின். தன்வரலாற்றில் அவர் தம் எழுத்து முறையை விவரித்திருக்கிறார். முதலில் இரண்டு மூன்று பக்கத்தில் மிகக் கரடுமுரடான ஒரு சட்டகம். அடுத்துச் சில பக்கங்களில் சற்றே பெரிய சட்டகம். அதில் ஒரு முழு விவாதத்துக்குப் பதிலாக ஒன்றிரண்டு சொற்கள் மட்டும் நிற்கும். பிறகு ஒவ்வொரு தலைப்பையும் விரித்து, இடமாற்றி, அதற்கப்புறம்தான் முழு வாக்கியங்கள். பெயர்ச்சீட்டு ஒட்டிய அலமாரித் தட்டுகளில் முப்பது நாற்பது பெரிய உறைகள். வழியில் கிடைக்கும் துண்டுக் குறிப்பு உடனே அதற்குரிய உறைக்குப் போய்விடும்.

1859-இல் வெளிவந்த அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் அடுக்கைப் பார். பீகிள் கப்பல் பயணம் 1831 முதல் 1836 வரை. இயற்கைத் தேர்வு என்ற எண்ணம் அவருக்குப் பிடிபட்டது 1838-இல், பொருளியல் அறிஞர் மால்தஸின் நூலைப் படித்தபோது. நாமாக இருந்தால் கப்பலில் ஏறி, தீவு தீவாக இறங்கி, மால்தஸில் வந்து முடிப்போம். டார்வினோ கப்பலை முன்னுரையில் தொட்டதோடு விட்டுவிட்டு, முதல் அத்தியாயத்தை வளர்ப்புப் பிராணிகளுக்குக் கொடுத்தார், முக்கியமாகப் புறாக்களுக்கு. அக்கால இங்கிலாந்தில் பந்தயத்துக்கும் அழகுக்கும் புறா வளர்த்தவர்கள் ஏராளம். டார்வினும் வளர்த்தார், லண்டனில் புறாச் சங்கங்களிலும் சேர்ந்தார். இத்தனை விசித்திர வகைகளையும் ஒரே மாடப்புறாவிலிருந்து மனிதன் தேர்ந்தெடுத்து உண்டாக்கினான் என்பதை அந்த வாசகர் எளிதில் ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொண்டவரை அழைத்துக்கொண்டு இயற்கையில் உள்ள வேறுபாடுகளுக்கும், பிறகு வாழ்க்கைப் போராட்டத்துக்கும் போகிறார். நான்காம் அத்தியாயத்தில்தான் இயற்கைத் தேர்வு வருகிறது. ஆறாம் அத்தியாயத்தில் தம் கொள்கைக்கு எதிராக எழும் சிக்கல்களை அவரே எடுத்து வைக்கிறார். வாசகர் மனத்தில் ஆட்சேபம் கிளம்பும் இடம் அதுதான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

கைப்பிரதியைப் படித்த விட்வெல் எல்வின் என்ற பத்திரிகை ஆசிரியர், புறாக்களைப் பற்றி மட்டும் எழுதினால் போதுமே, புறா என்றால் எல்லோருக்கும் பிடிக்குமே என்று பதிப்பாளரிடம் யோசனை சொன்னது தனிக்கதை.

கவனிக்க வேண்டியது இதுதான்: டார்வின் தாம் தெரிந்துகொண்ட வரிசையில் சொல்லவில்லை, வாசகர் ஏற்றுக்கொள்ளும் வரிசையில் சொன்னார். மாணவர் கட்டுரைகள் பெரும்பாலும் முதல் வகை. நூலகத்தில் எது முதலில் கிடைத்ததோ அது முதல் பத்தி.

நம் பக்கத்திலும் இதற்கு இலக்கணமே உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூல் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் பாயிரம் ஒரு நூலுக்குரிய பத்து அழகுகளில் முறையின் வைப்பையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அது சொல்லும் குற்றங்களில் மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் இரண்டும் அமைப்பு கெடுவதால் வருபவை. முதல் பக்கம் முழங்கிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் இழுத்துக்கொண்டிருக்கும் கட்டுரைகளை இன்றைய இதழ்களிலும் தாராளமாகப் பார்க்கலாம். மாணவர்களோ பாயிரத்தை இரண்டு மதிப்பெண் வினாவுக்காகப் படித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் கட்டுரை எழுதும்போது மறந்துவிடுகிறார்கள்.

இனி உன் நோட்டுக்கு வருவோம். நீ அனுப்பிய குறிப்புகள் இவை: பராந்தக சோழன் காலம், அவன் மகன் இராசாதித்தன் வெட்டுவித்ததாகச் சொல்லப்படுவது, வீரநாராயணன் ஏரி என்ற பழைய பெயர், கீழணையிலிருந்து வடவாறு வழியே நீர்வரத்து, முழு மட்டம் 47.5 அடி, ஏறத்தாழ 45 ஆயிரம் ஏக்கர் பாசனம், 2004 முதல் புதிய வீராணம் திட்டத்தில் சென்னைக்குத் தண்ணீர், நாளுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுசெல்லும் திட்டம், அதற்கு முந்திய திட்டம் நின்றுபோய்ச் சாலையோரம் பல ஆண்டு கிடந்த ராட்சத சிமெண்ட் குழாய்கள், பொன்னியின் செல்வன்.

ஒவ்வொன்றையும் தனிச் சீட்டில் எழுது. ஒரு நிபந்தனை: சீட்டில் ஒற்றைச் சொல் கூடாது, முழு வாக்கியம் வேண்டும். 'பாசனம்' என்று எழுதினால் அது எங்கு வேண்டுமானாலும் போய் உட்காரும். 'மட்டம் இறங்கிய ஆண்டில் வயலுக்கா, சென்னைக்கா என்ற கேள்வி எழுகிறது' என்று எழுதினால், அதற்கு முன்னால் வயலும் சென்னையும் வந்தாக வேண்டும் என்று அந்தச் சீட்டே சொல்லும்.

சீட்டுகளைத் தரையில் பரப்பி அடுக்கிப் பார். காலவரிசையில் அடுக்கினால் சோழனில் தொடங்கும். ஆனால் வாசகருக்கு 2004 வந்து சேர்வதற்குள் கொட்டாவி வந்துவிடும். மெக்ஃபீக்கு ஒரு முதியவர் கிடைத்ததுபோல் உனக்குத் தண்ணீரே கிடைத்திருக்கிறது. கீழணையில் புறப்படு. வடவாற்றோடு வா. கரையை அடைந்ததும் அதை எழுப்பிய சோழனைப் பற்றி ஒரு பத்தி சொல். அங்கே தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது: ஒன்று மதகு வழியே வயலுக்கு, மற்றொன்று சேத்தியாத்தோப்பு, வடக்குத்து, சென்னைப் போரூர் என்று 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில். அந்தப் பிரிவில்தான் உன் கட்டுரையின் உயிர் இருக்கிறது, நிதானமாக நில். லால்பேட்டைப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் பேசியதாகச் சொன்னாயே, அவர் பேச்சுக்கு இடம் அங்கேதான். பழைய சிமெண்ட் குழாய்கள் போரூர் போகும் வழியில் தாமே வந்து நிற்கும். பொன்னியின் செல்வன் நாவலின் வந்தியத்தேவனை விட்டுவிடு. வீராணத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் அவன் குதிரையில்தான் ஏறுகிறார்கள்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் பென்சிலால் அது என்ன சொல்கிறது என்று ஒரு வரி எழுது. எழுத வரவில்லை என்றால் அந்தப் பத்தியில் இரண்டு விஷயம் இருக்கிறது, அல்லது ஒன்றுமே இல்லை. ஓர வரிகளை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பார். எங்கே தாவுகிறாய் என்பது தெரிந்துவிடும். கடைசியில் 'ஆகவே நீர்வளம் காப்போம்' என்று ஒரு முடிவுரையை ஒட்டவைக்க வேண்டாம். தண்ணீர் போரூர் போய்ச் சேர்ந்தால் கட்டுரையும் போய்ச் சேர்ந்தது.

மிஞ்சிய சீட்டுகளைத் தூக்கி எறியாதே, ஓர் உறையில் போட்டு வை. 1859-இல் சுருக்கிச் சொன்ன புறாக்களுக்கு டார்வின் 1868-இல் வந்த இரண்டு தொகுதி நூலில் இரண்டு முழு அத்தியாயம் கொடுத்தார்.

கட்டுரையை இப்போதே அனுப்ப வேண்டாம். சீட்டுகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு, அடுக்கின வரிசையை மட்டும் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அண்ணன்